கிளிநொச்சியில் நகரத் திட்டங்கள் நடத்தும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் அடுத்த கலந்துரையாடலும் வார நாளொன்றில், காலை பத்து மணிக்கு, ஏ9 வீதியோர மண்டபமொன்றில்தான் நடக்கும். யார் வருவார்கள் என்று இப்போதே சொல்லலாம்: ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கடை முதலாளிமார், சங்கத் தலைவர், நாலைந்து உத்தியோகத்தர். நல்ல மனிதர்கள்தான், நானும் அந்த வரிசைக்காரன். வடிகால் எந்தப் பக்கம் வெட்டுவது என்று நாங்கள் பேசும்போது, 2018 டிசம்பர் வெள்ளத்தில் அடுப்போடு எல்லாம் நனைந்த பெண் யாரோ ஒருவரின் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நிற்பாள். வந்தால் அன்றைய கூலி போச்சு.

உங்கள் வரவுத்தாளில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று கட்டங்கள் இருக்கின்றன. காணி உள்ளவரா, கூலிக்குப் போகிறவரா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அதனால் மண்டபம் நிறையப் பெண்கள் இருந்தும் அத்தனை பேரும் கல்வீட்டுப் பெண்களாக இருக்கலாம். அறிக்கையில் அது 'சமூகத்தின் கருத்து' ஆகிவிடும்.

பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் பக்கம் போய்ப் பாருங்கள். தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். காடு வெட்டியது அவர்கள், ஆனால் பலர் கையில் காணி உறுதியும் இல்லை, அரச காணிப் பெர்மிட்டும் இல்லை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் ஐந்தரை லட்சம் ரூபா கொடுத்தபோதும் காணிப் பத்திரம் இல்லாதவர்களுக்குச் சிக்கல்தான். அவர்களை இழித்துச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களும் உங்கள் முன்வரிசையில் இருப்பதுண்டு.

வருகிறவர்களுக்கு நாட்கூலி கொடுங்கள் என்று ஒரு நிறுவனத்திடம் கேட்டேன். 'காசு கொடுத்து ஆள் சேர்ப்பதாக நன்கொடையாளர் நினைப்பார்கள்' என்றார்கள். பனருக்கும் ரோல்ஸுக்கும் மண்டப வாடகைக்கும் காசு இருக்கிறது. கூட்டத்தை நடத்தும் அலுவலருக்கும் அன்றைக்குச் சம்பளம் ஓடுகிறதுதானே?

சரி, கூலி கொடுக்க முடியாதென்றால் நேரத்தை மாற்றுங்கள். மலையாளபுரத்தில் ஓர் இரவு ஏழு மணிக்கு வாருங்கள். வடிகால் வரைபடத்தைத் தமிழில் எடுத்து வாருங்கள், காணிப் பத்திரத்தை மட்டும் கேட்காதீர்கள். பாயும் லைட்டும் பிளேன் டீயும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கிளிநொச்சி வாசி ஒருவன்