பளபளப்புக்கு முன்னால் துணியும் வாளியும்

ஆசிரியருக்கு,

வணக்கம். கார் பராமரிப்பு பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் மூன்று திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. பாத்திரம் கழுவும் திரவத்தால் காரைக் கழுவலாம். மங்கிய ஹெட்லைட்டைப் பற்பசையால் தேய்க்கலாம். தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் கார் புதிது போலவே இருக்கும். மூன்றும் தவறு. மூன்றாவதுதான் மிகப் பெரிய தவறு. இவற்றை நம்பாமல் கடைக்குப் போகும் புதியவருக்கும் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. அலமாரி நிறைய பாட்டில்கள், எல்லாவற்றிலும் கண்ணாடி போல மின்னும் காரின் படம். எதை முதலில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று, காரை நுணுக்கமாகக் கழுவி மெருகேற்றும் டீடெய்லிங் தொழில் தெரிந்த முறையில் எழுதுகிறேன்.

காரின் நிறத்துக்கு மேல் நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுதான், பளபளப்பைத் தருவதும் அதுதான். வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியுமே, அது உண்மையில் வட்டமாக விழுந்ததல்ல. எல்லாத் திசைகளிலும் விழுந்த மெல்லிய நேர்க்கீறல்களில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால் வட்டமாகத் தோன்றுகிறது. அந்தக் கீறல்களில் பெரும்பகுதி சாலையில் விழுவதில்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே போடுபவை. தூசி என்பது நுண்ணிய மணல். தண்ணீர் படாத மணலைத் துணியால் இழுத்தால் அந்தத் துணியே உப்புத்தாள்தான்.

ஆகவே புதியவரின் பணம் முதலில் போக வேண்டியது வேக்ஸுக்கு அல்ல, துணிக்கு. மைக்ரோஃபைபர் துணி என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த துணி அது. 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதம் அட்டையில் இருக்கும். பாலியமைடு கூடினால் மென்மையும் நீர் உறிஞ்சும் திறனும் கூடும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். ஈரம் துடைக்க 500-க்கு மேல் உள்ள பெரிய துணி ஒன்று, முடிந்தால் இரண்டு. வேக்ஸ் துடைத்தெடுக்க 350 முதல் 400 வரை உள்ளவை நான்கைந்து. கண்ணாடிக்கு இழை குட்டையான மெல்லிய துணி போதும், தடித்த துணி கோடு போடும். துணியின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நைலான் நூலால் தடிப்பாகத் தைத்த ஓரம் கருப்புக் காரில் கீறல் போடும். ஓரம் தைக்காமல் வெட்டிய துணி பாதுகாப்பானது. தயாரிப்பாளரின் சீட்டைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள், அதுவும் கீறும்.

துணியைத் துவைப்பதிலும் கவனம் வேண்டும். துணி மென்மையாக்கி சேர்த்தால் அது இழைகளின் மேல் படிந்து, துணி நீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். கொதிநீரும் அதிகச் சூடான டிரையரும் இழை நுனியைக் கடினமாக்கும். பாடிக்கு ஒரு நிறம், உள்புறத்துக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்து வாங்குவது நல்லது. சக்கரத்தைத் தொட்ட துணி, எத்தனை முறை துவைத்தாலும் பாடிக்குத் திரும்பக் கூடாது. பிரேக் தூளில் உள்ள இரும்புத் துகள் இழைக்குள் சிக்கினால் வெளியே வராது.

துணிக்கு அடுத்தது வாளி. 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும் வாளி இரண்டு. ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். வாளியின் அடியில் வைக்கும் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு ஒன்றும் வாங்கினால் அலசிய மண் கீழே தங்கும், மறுபடி கலங்கி மேலே வராது. கழுவ ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் முகம் தட்டையானது, மண்ணைப் பெயின்டோடு சேர்த்து அழுத்தும். நீண்ட இழையுள்ள மைக்ரோஃபைபர் கையுறை மண்ணை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

ஷாம்பு விஷயத்தில், பாத்திரத் திரவமே போதும் என்பவரும் அது பெயின்டைத் தின்றுவிடும் என்பவரும் மிகைப்படுத்துகிறார்கள். பாத்திரம் கழுவும் திரவம் பெயின்டை ஒரே நாளில் தின்றுவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்யப்பட்ட திரவம் அது. மேலே பூசிய வேக்ஸையும் எடுத்துவிடும். அதைவிட முக்கியம் வழுக்கல். நல்ல கார் ஷாம்புவின் வேலையில் பாதி, மண்துகளுக்கும் பெயின்டுக்கும் நடுவே வழுவழுப்பான படலமாக நிற்பது. நுரை எவ்வளவு வருகிறது என்பது இதற்கு அளவுகோல் அல்ல. பி.எச். 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் அல்லாத, வேக்ஸ் கலக்காத சாதாரண ஷாம்பு தொடக்கத்துக்குச் சரி. வேக்ஸ் கலந்ததை வாங்கினால், பிறகு ஏதாவது கோட்டிங் பூச நினைக்கும்போது அந்தப் படிவு இடைஞ்சலாக நிற்கும்.

கழுவும் முறையைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொன்னால் பயனில்லை. நிழலில், பானெட் கையில் சுடாத நேரத்தில் தொடங்குங்கள். முதலில் சக்கரங்கள், அவற்றுக்கென்று தனி நீர், தனி பிரஷ். பிறகு கார் முழுவதும் வெறும் நீரால் நன்றாக அலசி, தளர்ந்த மண்ணை இறக்கிவிடுங்கள். கையுறையை ஷாம்பு நீரில் தோய்த்து மேற்கூரையிலிருந்து கீழ்நோக்கி, நேர்கோட்டில், அழுத்தாமல். அரைக் கதவு முடிந்ததும் வெறும் நீர் வாளியில் அலசிப் பிழிந்து, மறுபடி ஷாம்புவில் தோய்க்க வேண்டும். கதவின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசி, அங்கேதான் மண் அதிகம். ஷாம்பு காயும் முன்பே அலச வேண்டும். கடைசி அலசலில் குழாயின் முனையைக் கழற்றி, நீரைத் தாளாக வழியவிட்டால் பெரும்பாலான நீர் தானே இறங்கிவிடும். மிச்சத்தைத் துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கடின நீர் உள்ள இடங்களில் இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாக உறையும். புதிதாக இருக்கும்போது நீர்த்த வினிகரில் கரைந்து வந்துவிடும். வெயிலில் வாரக்கணக்கில் சுட்டபின் கிளியர் கோட்டிலேயே குழி விட்டிருக்கும். அப்போது பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும்.

குழாய் வசதி இல்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு அலசாமல் கழுவும் திரவம் கிடைக்கிறது. பல தயாரிப்புகளில் அளவு 1-க்கு 256, அதாவது 10 லிட்டருக்கு ஏறக்குறைய 40 மில்லி. லேசான தூசிக்கு நன்றாகவே வேலை செய்யும். சேறு பூசிய காருக்கு அல்ல.

இந்த விகிதக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1:10 என்றால் ஒரு பங்கு திரவம், பத்துப் பங்கு நீர், ஆக மொத்தம் பதினொரு பங்கு. 500 மில்லி ஸ்ப்ரே பாட்டிலுக்கு 45 மில்லி திரவமும் 455 மில்லி நீரும். நீரை முதலில் ஊற்றி, திரவத்தைப் பிறகு ஊற்றினால் நுரை பொங்காது. எல்லாப் பரப்பையும் சுத்தம் செய்யும் ஏ.பி.சி. என்ற திரவத்தை உள்புறத்துக்கு 1:10, சக்கரத்தின் மேல் வளைவுக்கு 1:4 என்று கலப்பார்கள். அடர்த்தியாகக் கலந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்பது கிடையாது. டேஷ்போர்டில் வெளுப்பு விழும், சீட்டில் பிசுபிசுப்பு தங்கும். கலந்த பாட்டிலில் பெயரும் விகிதமும் எழுதி ஒட்டுங்கள். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். கடையில் எல்லாமே பாலிஷ்தான். வேக்ஸும் பாலிஷ், டயருக்குப் பூசுவதும் பாலிஷ், டேஷ்போர்டுக்கு அடிப்பதும் பாலிஷ். ஆனால் பெயின்டைப் பொறுத்தவரை வேறுபாடு ஒன்றுதான்: பாலிஷ் எடுக்கும், வேக்ஸ் சேர்க்கும். பாலிஷில் நுண்ணிய தேய்ப்புத் துகள் உண்டு. கிளியர் கோட்டிலிருந்து மெல்லிய படிவத்தைச் சீவி எடுத்து, கீறலைச் சுற்றியுள்ள பரப்பையும் அதே மட்டத்துக்கு இறக்குகிறது. ரப்பிங் காம்பவுண்ட் அதே வேலையை முரட்டுத்தனமாகச் செய்வது. எடுத்தது திரும்ப வராது. முதல் மாதமே காம்பவுண்ட் வாங்குவது, வெட்டத் தெரியாதவர் கையில் கத்தரி கொடுப்பது போலத்தான். மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் உள்ள காரில் பாலிஷும் கூடாது, சாதாரண வேக்ஸும் கூடாது. திட்டுத் திட்டாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும்.

சேர்க்கும் வகையில் மூன்று. கார்னோபா வேக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகை மரத்தின் இலையிலிருந்து வருவது. சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் சில மாதங்கள். சிலிக்கா சார்ந்த செராமிக் கோட்டிங் சரியாகப் பூசினால் வருடக் கணக்கு. அந்தச் சரியாக என்ற சொல்லில்தான் சிக்கல் எல்லாம். பெயின்டில் எண்ணெயோ பழைய வேக்ஸோ ஒட்டியிருந்தால் கோட்டிங் பிடிக்காது. கீறலோடு பூசினால் கீறல் உள்ளேயே மூடப்படும். துடைக்கத் தாமதித்த இடம் மேடாக இறுகி, வானவில் கறை போல நிற்கும். இறுகிய பின் பாலிஷ் போட்டுத்தான் நீக்க வேண்டும். அட்டையில் உள்ள 9 எச் என்ற எழுத்தைப் பார்த்து வைரத்துக்கு அடுத்த கடினம் என்று மயங்க வேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கடின அளவு. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு. 9 எச் பூச்சின் மேலும் மணல் கீறும். தொடக்கக்காரருக்கு ஸ்ப்ரே சீலன்ட் ஒன்று போதும். கழுவி உலர்ந்த பரப்பில், ஒரு கதவுக்கு இரண்டு மூன்று பீய்ச்சல், ஒரு துணியால் பரப்பி மறு துணியால் துடைத்தால் முடிந்தது. அதிகம் அடித்தால் பாதுகாப்பு கூடாது, கோடுதான் மிஞ்சும். கருப்புப் பிளாஸ்டிக் பட்டிகளில் பேஸ்ட் வேக்ஸ் பட்டால் வெள்ளைக் கறையாகக் காயும், அவற்றுக்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள்.

கழுவிய பானெட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால் சொரசொரப்பு தெரிகிறதா? அது ஷாம்புவுக்கு அசையாத படிவு. அதற்கு இரும்பு நீக்கித் திரவமும், களிமண் போலப் பிசையக்கூடிய கிளே பார் கட்டியும். இரும்பு நீக்கி இரும்புத் துகளோடு வினைபுரிந்து ஊதா நிறமாகும், அழுகிய முட்டை வாடை வீசும், அதுதான் அதன் குணம். காயவிடக் கூடாது. ஓட்டி வந்த சூடான சக்கரத்தில் அடிக்கக் கூடாது. கிளேயைத் தகுந்த வழுக்கு திரவம் தெளித்தபின் மட்டுமே நகர்த்த வேண்டும், தரையில் விழுந்த கிளே குப்பைக்குத்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் இது தேவையில்லை. முடிந்த கையோடு சீலன்ட் பூசியாக வேண்டும்.

உள்புறத்துக்கு வாங்குவதை விட வாங்காமல் விடுவதே அதிகம். பளபளவென்று மின்ன வைக்கும் டேஷ்போர்டு ஸ்ப்ரே முன்கண்ணாடியில் எதிரொளித்துப் பார்வையை மறைக்கும். சிலிக்கோன் திரவம் ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பட்டால் வழுக்கும், இது அழகு விஷயம் அல்ல, உயிர் விஷயம். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா இல்லாத கிளீனர் மட்டும். டேஷ்போர்டின் தொடுதிரையில் நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்கலாம். இன்றைய லெதர் சீட்டுகளில் பெரும்பாலானவற்றின் மேல் நிறப் பூச்சு உண்டு. கண்டிஷனர் அதைத் தாண்டி உள்ளே போவது குறைவு. மிதமான கிளீனரும் மென்மையான பிரஷும் செய்யும் வேலையை அது செய்யாது. டயருக்கு நீர் சார்ந்த டிரெஸ்ஸிங் பக்கவாட்டில் மட்டும், சாலையைத் தொடும் பரப்பில் கூடவே கூடாது. பூசிவிட்டு மிச்சத்தைத் துடைக்காமல் ஓட்டினால் கதவெல்லாம் கருப்புப் பொட்டு தெறிக்கும்.

பன்னிரண்டு பாட்டில் அடங்கிய கிட் பெட்டிகளைத் தவிர்க்கலாம். அவற்றில் பாதி ஒரே வேலையைச் செய்பவை. மெழுகு தோய்த்த இழைகள் கொண்ட தூசித் துடைப்பானும், நீரை வழிக்கும் சிலிக்கோன் பிளேடும்கூட வேண்டாம். இடையில் மாட்டிய ஒரு மணல் போதும், கதவு நீளத்துக்குக் கோடு போட.

இனி பற்பசை. ஹெட்லைட்டின் மூடி பாலிகார்பனேட். அதன் மேல் தொழிற்சாலையில் பூசிய புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் சிதைவதால்தான் மஞ்சளாகிறது. பற்பசையில் உள்ள தேய்ப்புப் பொருள் அந்தச் சிதைந்த பூச்சைக் கொஞ்சம் சீவுகிறது, பளிச்சென்று தெரிகிறது. புதுப் பூச்சு எதுவும் இல்லாததால் சில வாரங்களிலேயே மஞ்சள் திரும்புகிறது, முன்னைவிட வேகமாக. முறையான வழி நீர் விட்டு 800, 1500, 3000 என்ற எண் வரிசையில், முரடிலிருந்து மென்மைக்கு, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதாத் தடுப்புப் பூச்சு அடிப்பது. அடுத்த முறை அந்தக் குறிப்பு அச்சேறும்போது, கடைசிப் பூச்சு இல்லாவிட்டால் நிற்காது என்ற ஒரு வரியையாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் டீடெய்லிங் தொழில் அறிந்த வாசகர்