பேர்ஸ் களவுபோன செய்தி அறிந்து மகளுக்கு எழுதுவது

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்துக்கு முறிகண்டிப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

காலி வீதி பஸ்ஸில் உன் பேர்ஸ் களவுபோனதையும், அடையாள அட்டையும் வங்கி அட்டையும் அதோடு போனதையும் நீ தொலைபேசியில் சொன்னபோது, பொருள் போனதைவிட, ஒரு கிழமையாக அதை எவரிடமும் சொல்லாமல் தனியே அலைந்திருக்கிறாய் என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது. எங்களைக் கலங்க வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். ஆனால் அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்திருக்கக்கூடிய காரியங்கள் பல இருந்தன. அவற்றைத் தெரிந்தவர்கள் நம் வேலிக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறார்கள். நீ கதைத்து முடித்த பின் நான் பக்கத்து வீட்டு மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். பொழுதுபடுவதற்குள் முன்வீட்டு அண்ணை, சந்திக் கடைக்காரர், இளைப்பாறிய கிராம அலுவலர் என்று பலரும் நம் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தியும், விட்டுப்போனதை இன்னொருவர் சேர்த்தும், இராச் சாப்பாட்டு நேரம் வரையில் கதை நீண்டது. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்; இதை உன் அறையில் பத்திரமாக வைத்துக்கொள்.

மாமி முதல் வேலையாகத் தம் வீட்டுக்குப் போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். 2009 இல் போரில் இடம்பெயர்ந்து நாங்கள் எல்லோரும் வவுனியாவில் இருந்த மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பலரிடம் உடுத்திருந்த உடுப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. மாமி மட்டும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை இந்தப் பைக்குள் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்து, ஓரங்கள் பழுப்பேறி, ஒரு மூலையில் சேற்றுக் கறையோடு இருக்கும் அந்தத் தாள்களை அவர் மின்குமிழின் கீழ் விரித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், பின்பு அடையாள அட்டை எடுக்கவும் அவருடைய பிள்ளைகள் அலையவில்லை. மற்றவர்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்பது சிறுபிள்ளையாக இருந்த உனக்கும் நினைவிருக்கும். அதனால் மாமி சொல்வது இதுதான்: புது அடையாள அட்டை கிடைத்ததும் அதன் இரண்டு பக்கங்களையும் பிரதி எடுத்து, ஒன்றை எங்களுக்கு அனுப்பு, ஒன்றை அறையில் வை, ஒன்றைத் தொலைபேசியில் படமாக வைத்திரு. அட்டையையும் காசையும் வங்கி அட்டையையும் ஒரே பேர்ஸில் வைக்காதே. ஒன்று போனால் மற்றது மிஞ்ச வேண்டும்.

புது அட்டை எடுக்கும் முறையை இளைப்பாறிய கிராம அலுவலர் விளக்கமாகச் சொன்னார். பேர்ஸ் தொலைந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்து, அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பிரதி இல்லாமல் அடுத்த வேலை எதுவும் நகராது. உன் நிரந்தர விலாசம் இங்கே இருப்பதால், விண்ணப்பத்தை நம் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். புகைப்படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவசரம் என்றால், உறுதிப்படுத்திய விண்ணப்பத்தோடு பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்துக்குப் போய் ஒருநாள் சேவையில் பெறலாம். நீ கொழும்பிலேயே இருப்பதால் அதுவே வசதி.

பொலிஸ் நிலையத்தில் உன் முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. 1987 இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அங்கிருப்பவர் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் வைக்கச் சொன்னால், எழுதியதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி மரியாதையாகக் கேள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வரும் வரையில் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திரு. விளங்காத தாளில் கையொப்பமிட்டவர்களின் கதையை நாங்கள் இங்கே நிறையக் கேட்டிருக்கிறோம். என் மகள் அப்படிச் செய்யக் கூடாது.

வங்கி அட்டையைப் பற்றிக் கடைக்காரர் ஒன்று சொன்னார், அது எனக்கும் புதிது. அட்டை தொலைந்தால் உடனே அழைக்க வேண்டிய வங்கியின் இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில்தான் அச்சிட்டிருக்கிறதாம்; அட்டை போனால் இலக்கமும் போய்விடுகிறது. ஆகவே அதை ஒரு கொப்பியில் எழுதி வை. தொலைபேசியில் மட்டும் பதிந்தால் போதாது, தொலைபேசியும் சேர்ந்து போகக்கூடும். அதே கொப்பியில் உன் தொலைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணையும் எழுது. நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, பின் 06, மறுபடி ஹேஷ் குறி என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். தொலைபேசி களவுபோனால் முதலில் சிம்மை நிறுத்தச் சொல்லி, பின்பு அந்த எண்ணோடு பொலிஸுக்குப் போக வேண்டும். உன் பொதி தேங்கியிருக்கிறது, சிறிய கட்டணம் செலுத்து என்று குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொடாதே. வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்று எவர் எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும், தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லாதே.

இனிப் பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன். இதில் அயலவர்கள் பேசியதைவிட நான் பேசியதே அதிகம். போக்குவரத்துச் சபையில் நடத்துநராக வேலை செய்த காலத்தில் களவெடுப்பவர்களை மிக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓடும் பஸ்ஸின் நடுவில் வேலை செய்வது குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும் மிதிபலகையில் உண்டாகும் நெருக்கடிதான் அவர்களுக்கு வேண்டியது. ஒருவன் வாசலில் நின்று காசு தேடுவதுபோல வழியை மறிப்பான். மற்றவன் பின்னாலிருந்து, அவசரமாக இறங்குபவனைப்போல நெருக்குவான். அவன் கையில் மடித்த செய்தித்தாளோ ஒரு துணிப்பையோ இருக்கும். அதன் மறைவில் விரல்கள் உன் கைப்பையின் சிப்பைத் திறந்துவிடும். நீ திரும்பிப் பார்க்கும்போது முன்னால் நின்றவன் இறங்கிப் போயிருப்பான், பேர்ஸும் அவனிடம் கைமாறியிருக்கும். பஞ்சிகாவத்தைக்கோ வெள்ளவத்தைக்கோ எங்கே போனாலும், வாசலில் வழி இருந்தும் ஒருவன் விலகாமல் நின்றால், கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நில். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் அடிக்கடி வருவதால், ஒன்றை விட்டாலும் பெரிய தாமதம் இல்லை. ஏறுமுன்பே பயணக் காசை எடுத்துக் கையில் வைத்திரு; நெருக்கத்துக்குள் பேர்ஸைத் திறப்பது, அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதாகும்.

இறங்குவதில் இன்னொன்று உண்டு. பஸ் முழுதாக நின்ற பின்னே இறங்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நின்ற பிறகும் இடப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டே காலை வைக்க வேண்டும், ஏனென்றால் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் கிடைக்கும் சிறிய இடைவெளிக்குள்ளும் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து வருகின்றன. மிச்சக் காசு தராமலோ கூடுதலாக அறவிட்டோ நடத்துநர் தகராறு செய்தால், பஸ்ஸுக்குள் சண்டை பிடிக்காமல், பஸ்ஸின் பதிவு இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து 1955 என்ற இலக்கத்தில் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். ஓட்டோவில் போனால் மீற்றர் உள்ளதாகப் பார்த்து ஏறு. இரவில் ஏறினால் அதன் இலக்கத்தை எங்களுக்கோ அறைத் தோழிக்கோ அனுப்பிவிடு.

ஊருக்கு வரும்போது இரவு பஸ்ஸைவிடப் புகையிரதமே நல்லது என்று முன்வீட்டு அண்ணை சொல்கிறார். அவருக்கு அதில் தனிப் பற்று உண்டு. 1990 இல் நின்றுபோன சேவை 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த நாளில் நிலையத்துக்குப் போய் நின்றவர்களில் அவரும் ஒருவர். முன்பதிவை ஒரு மாதத்துக்கு முன்பே செய்யலாம் என்பதால், திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ வருவதாக இருந்தால் கடைசி நேரம் வரையில் காத்திராதே. யன்னலோரம் இருந்தால், நிலையங்களில் வண்டி மெதுவாகும்போது தொலைபேசியை உள்ளே எடுத்துக்கொள். இடம் கிடைக்காமல் பஸ்ஸில்தான் வருவதென்றால், நித்திரையில் ஊரைத் தாண்டிவிடாமல் இருக்க மாங்குளத்துக்கு எழுப்பிவிடும்படி நடத்துநரிடம் சொல்லி வை. முறிகண்டியில் வாகனம் நிற்கும்போது தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் இறங்குவாய். இறங்குமுன் பஸ்ஸின் இலக்கத்தைப் பார், கைப்பையைத் தோளில் கொண்டு போ. ஒரே நிறத்தில் இரண்டு மூன்று பஸ்கள் அங்கே வரிசையாக நிற்கும். இருட்டில் வேறு பஸ்ஸில் ஏறி, தன் பொதிகளை யாழ்ப்பாணம் வரையில் அனுப்பிவிட்டுத் தேடியவர் நம் ஒழுங்கையிலேயே இருக்கிறார்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போவது நல்லதுதான். ஆனால் அங்கே கடலுக்கும் மரைன் டிரைவ் வீதிக்கும் இடையில் தண்டவாளம் ஓடுகிறது. அலையின் இரைச்சலில் வண்டி வரும் சத்தம் பிந்தியே கேட்கும். தண்டவாளத்தின் மேல் நடப்பதையும், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு கடப்பதையும் செய்ய மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடு.

காய்ச்சலை அம்மா தனியே எழுதச் சொன்னார். கொழும்பில் டெங்கு எந்தக் காலமும் இருக்கிறது. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் அதற்கு ஆளானார்கள். காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை போடாதே, நீராகாரம் நிறையக் குடி, இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய். தெருநாய் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போ. தடுப்பூசி அங்கே இலவசம். காஸ் மணம் வந்தால் மின்சார ஆளியைத் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திற. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938. இவற்றையும் அந்தக் கொப்பியில் எழுது.

இத்தனையும் எழுதியபோதும் என் மனதில் உள்ள ஒன்று இன்னும் மீதமாக இருக்கிறது. உன் போர்டிங்கில் அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, பெயர் தெரியாது என்றாய். நாங்கள் இடம்பெயர்ந்து போன ஒவ்வோர் இடத்திலும், கூடாரம் அடித்த அன்றே உன் அம்மா அயலில் உள்ளவர்களிடம் போய் எந்த ஊர், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டு வருவார். நாங்கள் பிழைத்து வந்ததில் அந்த விசாரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிள்ளை சிங்களமோ முஸ்லிமோ மலையகமோ, யாராக இருந்தாலும் கதவைத் தட்டி உன் பெயரைச் சொல்லு. அன்றைக்கு நீ பேர்ஸ் இல்லாமல் அறைக்குத் திரும்பியபோது, பொலிஸுக்குக் கூட வரவும், பஸ்ஸுக்குக் காசு தரவும் அடுத்த அறையில் ஒருவர் இருந்திருக்கலாம். அவளுக்கும் ஒரு நாள் அப்படி நேரும். அப்போது இந்தக் கடிதத்தில் உள்ளதை நீ அவளுக்குச் சொல்லலாம்.

இப்போது உன்னிடமிருந்து எங்களுக்கு ஓர் உதவி தேவை. மாமியின் தங்கைக்கு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் திகதி கொடுத்திருக்கிறார்கள். புறக்கோட்டையிலிருந்து 138 இலக்க பஸ் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலையில் போய் இறங்கும் நோயாளி எங்கே முகம் கழுவலாம், பஸ் நிறுத்தத்திலிருந்து வைத்தியசாலை வாசலுக்கு எவ்வளவு நடக்க வேண்டும், கூடப்போகும் ஒருவர் தங்குவதற்குப் பக்கத்தில் நம்பிக்கையான இடம் உண்டா என்பதை இங்கே எவராலும் சொல்ல முடியவில்லை. உனக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்து எழுது. பஸ் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நடந்து போகாதே. மாமி உன் பதிலுக்காகக் காத்திருக்கிறார். அடுத்த மாதத் தொடக்கத்தில் அவர்கள் புறப்பட வேண்டும்.

இப்படிக்கு,
அன்புடன்
அப்பா