அம்மாவின் மீட்டர் யாருடையது?

குடியிருப்பு நிர்வாகக் குழுவினருக்கும், பழைய, புதிய மீட்டர் கம்பெனிகளுக்கும், நகராட்சி மின்சார அலுவலகத்துக்கும்,

வணக்கம். ஒருவருக்கு எழுத வேண்டிய மடலை நான்கு பேருக்கு எழுதுகிறேன். அந்த ஒருவர் யார் என்று ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. 1,846 ராண்ட் பாக்கியாம். பதினான்கு நாளில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். அம்மாவிடம் இருப்பது ப்ரீபெய்ட் மீட்டர். கடையில் காசு கொடுத்து டோக்கன், அதாவது ரசீதில் அச்சாகும் இருபது இலக்க எண், வாங்கி மீட்டரில் அழுத்தினால்தான் வீட்டில் விளக்கு எரியும். முன்பணம் கட்டுகிறவருக்குப் பாக்கி எப்படி வரும்? அதைவிட, தாளை அனுப்பியது புதிய கம்பெனி. "இந்த மீட்டர் எங்கள் பட்டியலிலேயே இல்லை" என்று 2024 டிசம்பரில் எங்களிடம் சொன்னதும் இதே கம்பெனிதான்.

அந்த டிசம்பரை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 24-க்குள் தென்னாப்பிரிக்கா முழுவதும் எல்லா ப்ரீபெய்ட் மீட்டர்களிலும் உள்ளே இருக்கும் குறியீட்டை மாற்ற வேண்டியிருந்தது. இருபது இலக்க எண்கள் இரண்டை வரிசை தவறாமல் அழுத்த வேண்டும். அழுத்தாத மீட்டர் அதற்குப் பிறகு வாங்கும் டோக்கனை ஏற்காது. அந்த எண்களைத் தர வேண்டியவர் அந்த மீட்டருக்குப் பொறுப்பான விநியோகஸ்தர். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எண்கள் வந்துவிட்டன. அம்மாவின் மீட்டர் மட்டும் முன்பு இடி விழுந்து மாற்றப்பட்டது. புது மீட்டரின் எண்ணை யாரும் எந்தப் பட்டியலிலும் ஏற்றவில்லை.

இது எங்களுக்குத் தெரிய வந்தது டிசம்பர் முதல் வாரத்தில், கையிருப்பு யூனிட் தீர்ந்த இரவில். அம்மாவுக்கு 81 வயது. ரசீதை நான்கு நான்கு எண்ணாக மடித்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் வாசிக்க, நான் அழுத்தினேன். ஏற்கவில்லை. நான் தப்பாக அழுத்தியிருப்பேன் என்று அம்மா என்னை நகர்த்திவிட்டு, ஸ்டூலில் ஏறி நின்று தானே அழுத்தினார். மூன்று தடவை. விரல் நடுங்கியது. அப்புறம் இறங்கி, "இன்சுலினை எங்கே வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். நேட்டால் கடற்கரையில் டிசம்பர் கோடை வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மூலைக் கடைக்காரர் தன் குளிர்பான ஃபிரிட்ஜின் மேல் தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். அவர் கடை மூடுவது ஆறு மணிக்கு. அன்றாட ஊசி மருந்தை ஈரத் துணியில் சுற்றி மண்சட்டிக்குள் வைத்தோம். பதினோரு நாள் இப்படி ஓடியது. 2024 மார்ச் கடைசியிலிருந்தே நாட்டில் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, அப்போது இல்லாமல் இருந்தது. கிரிட்டில் மின்சாரம் இருந்தது. எதிர் வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் அம்மாவுக்குக் கேட்டது.

அந்தப் பதினோரு நாளும் நான் அலைந்தேன். ரசீதில் பெயர் உள்ள பழைய கம்பெனி, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது. புதிய கம்பெனி பட்டியலில் இல்லை என்றது. நகராட்சி அலுவலகத்தில், கேட்டில் இருக்கும் பெரிய மீட்டர் வரைதான் எங்கள் பொறுப்பு, உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரியாது என்றார்கள். நிர்வாகக் குழு, கம்பெனியிடம் பேசுங்கள் என்றது. எந்தக் கம்பெனியிடம்? அதைத்தானே நான் கேட்டேன். பதினோராம் நாள் ஒருவர் வந்து இரண்டு எண்களையும் அழுத்திவிட்டுப் போனார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. இன்று வரை ரசீதில் பழைய கம்பெனியின் பெயர்தான் அச்சாகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த வீட்டுக்கு மின்சாரம் விற்பது யார் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இது சின்ன விஷயம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1996 அரசியல் சட்டம் மின் விநியோகத்தை உள்ளாட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலேயே ஒரு பகுதிக்கு நகரத்தின் மின் நிறுவனமான சிட்டி பவரும் சொவெட்டோவுக்கு அரசு மின் நிறுவனமான எஸ்காமும் மின்சாரம் கொடுக்கின்றன, ஆனாலும் அங்கே யாரிடம் போவது என்று ஒரு விலாசமாவது இருக்கிறது. எங்களைப் போலத் தனியார் கம்பெனியின் மீட்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2003-லிருந்து இருக்கிறது. முதியோர் உதவித்தொகையில் வாழும் அம்மாவுக்காக அதைக் கேட்கப் போனால், நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். யூனிட் விலை சரிதானா என்று கேட்கவும் ஆள் இல்லை.

எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவர் வந்த கப்பலின் பட்டியலில் அவருடைய எண், தகப்பன் பெயர், ஊர், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதியிருக்கிறது. அவரை வேலை வாங்கியவர்கள் அவ்வளவையும் எழுதி வைத்தார்கள். அவருடைய பேத்தியிடம் காசு வாங்குகிறவர்கள் தங்கள் பெயரை ஒரு வரி எழுதித் தர மறுக்கிறீர்கள். கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, வேலையை நானே சுலபமாக்கித் தருகிறேன். அம்மாவின் ரசீதில் பதினோரு இலக்க மீட்டர் எண்ணும், அது எந்த விநியோகஸ்தரின் தொகுப்பு என்று காட்டும் ஆறு இலக்கக் குறியீடும் இருக்கின்றன. இரண்டின் நகலையும் தனிக் கடிதத்தில் நால்வருக்கும் அனுப்பியிருக்கிறேன். நால்வரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும். எங்கே உட்காருகிறீர்கள் என்று சொன்னால், அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ரசீதுகளை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

அதுவரை அந்தத் துண்டிப்பு நோட்டீஸை நிறுத்தி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஏழு நாள்தான் மிச்சம். இன்சுலின் இப்போது அம்மாவின் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வட கடற்கரையிலிருந்து ஒரு மகள்