விமானத் தொழில் மலையகத்துக்கு வருமானால் தையலிலிருந்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புற இளைஞர்களுக்கு ஏற்ற புதிய கைத்தொழில்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, விமான உதிரிப்பாக உற்பத்தியை ஒரே வரியில் தொட்டுச் சென்றது. அந்த வரியைப் பற்றியதே இக்கடிதம்.

விமான உதிரிப்பாகம் என்றதும், உலோகத்தை ஐந்து திசைகளில் நகர்ந்தும் சாய்ந்தும் கணினிக் கட்டளைப்படி வெட்டும் ஐந்து அச்சு சி.என்.சி இயந்திரங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து தொடங்கினால் பணம் நிறையப் போகும், வேலை சொற்பமாகவே வரும். ஒருவர் இரண்டு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதால், 20 இயந்திரங்கள் போட்டாலும் ஒரு ஷிஃப்டுக்கு அவற்றை இயக்க 10 பேர் போதும். மின்சாரம் அடுத்த தலைவலி. மரக்கிளை கம்பியில் உரசி ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்தால் வீட்டில் விளக்கு சிமிட்டுவதோடு சரி. பட்டறையிலோ சுழலச்சு நின்று, வெட்டுளி பாகத்துக்குள் மாட்டி, மணிக்கணக்கில் கடைந்த டைட்டானியம் கழிவாகிவிடும். கட்டுப்பாட்டுக் கணினிக்கு யு.பி.எஸ் வைத்தால் திரை அணையாது, அவ்வளவுதான். மின் தடைப்பட்ட கணத்தில் வெட்டுளியைப் பின்னிழுக்கும் அமைப்பையும் இயந்திரத்தோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் மலை நமக்குச் சாதகம். வரைபடத்தில் உள்ள நீள அளவுகள் 20 பாகை செல்சியஸுக்கு உரியவை என்பது சர்வதேச நியமம். அரை மீற்றர் நீள அலுமினியப் பாகம் 5 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் நீளும். வரைபடம் 0.05 மில்லிமீற்றர் விலகலைத்தான் அனுமதிக்கிறது என்றால், நல்ல பாகமும் கழிபடும், கெட்ட பாகமும் தேறிவிடும். பண்டாரவளை, தியத்தலாவ போன்ற ஊர்களின் சராசரி வெப்பநிலை அந்த 20 பாகையை ஒட்டியே இருப்பதால், அளவெடுப்பு அறையின் குளிரூட்டல் செலவு கொழும்பை விடக் குறையும். ஆனாலும் இது இரண்டாம் கட்டத்துக்கு உரிய பேச்சு.

முதற் கட்டமாக நான் சொல்வது விமான இருக்கை உறைகள். ஓர் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தில் மட்டும் ஏறக்குறைய 150 இருக்கைகள் இருக்கும். கழற்றித் துவைப்பதற்காக விமான நிறுவனங்கள் மாற்று உறைகளும் வைத்திருக்கும். மலையகப் பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் பழகிய கைகள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே தையலைத் தொடரும் வழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. விமானத் தொழில் கேட்கும் ஒழுங்கும் இதே வகைதான்.

வித்தியாசம் நெருப்பில் இருக்கிறது. உறைத் துணியின் மாதிரியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் 12 விநாடி சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்த பின் 15 விநாடிக்குள் தீ அணைய வேண்டும். எரிந்த நீளம் சராசரியாக 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தது மூன்று மாதிரிகள் வேண்டும். துணியின் நீளவாட்டு நூலான பாவு வாக்கிலும் குறுக்கு நூலான ஊடு வாக்கிலும் தனித்தனியாக. மெத்தையும் உறையும் சேர்ந்த இருக்கைக்கு எண்ணெயில் எரியும் பெருஞ்சுடரைக் காட்டும் இன்னும் கடுமையான சோதனை. இரண்டு நிமிடம் எரித்தும் எடையில் 10 வீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது.

இங்கேதான் மலையகம் சறுக்கும். எரிப்பதற்கு முன் மாதிரிகளை ஏறக்குறைய 21 பாகையிலும் 50 வீத ஈரப்பதனிலும் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஹட்டன் மழையில் ஈரம் உறிஞ்சிய துணி மெதுவாகத்தான் எரியும். நம் ஊரில் தேறிவிடும், வாங்குபவரின் ஆய்வுகூடத்தில் தோற்கும். ஈரநீக்கி இல்லாத அறையில் செய்த சோதனை வெறும் காகிதம். இன்னொரு பொறி, இருப்பில் தீர்ந்துபோன நூலுக்குப் பதிலாக அதே நிறத்தில் வேறு நூலைப் போடுவது. ஆடைக்கு அது பரவாயில்லை. இங்கே நூல், பசை, ஒட்டுப்பட்டி என எது மாறினாலும் பழைய சோதனை அறிக்கை அந்த உறைக்குச் செல்லாது. ஒவ்வொரு துணிச்சுருளின் தொகுதி எண்ணும் வெட்டு மேசையிலிருந்து கடைசி லேபிள் வரை தொடர்ந்து வர வேண்டும்.

அடுத்து வயர் ஹார்னஸ், அதாவது விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளை அளவாக வெட்டி, முனைகளில் பின்கள் பொருத்திக் கட்டிய தொகுதி. இதுவும் கைவேலை அதிகம், எடை குறைவு, மலையிலிருந்து லொறியில் கொண்டுபோவது சுலபம். காப்புறையை உரிக்கும்போது செம்பு இழையில் கீறல் விழுவதும், பின்களைத் தவறான துளையில் செருகுவதும் வழக்கமான குற்றங்கள். கீறிய இழை சோதனை மேசையில் தேறிவிடும், பறக்கும்போது அதிர்வில் அறும். கம்பி முனையில் பின்னை நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கருவிகளைக் கால அட்டவணைப்படி அளவுதிருத்தி, மாதிரி இணைப்புகளை இழுத்துப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

சொந்தமாக உற்பத்தி அங்கீகாரம் பெற்றுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அங்கீகாரம் உள்ள நிறுவனத்தின் உப ஒப்பந்தக்காரராக, அதன் தர முறைமையின் கீழ் தைத்துக் கொடுக்கலாம். பாகம் விமானத்தில் பொருத்தத் தகுந்தது என்று கூறும் விடுவிப்புச் சான்றிதழை அந்த நிறுவனமே வழங்கும். பணம் வர 60, 90 நாள் ஆகும். துணியையோ முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். சிறு பட்டறைகளைச் சாய்ப்பது தரக்குறைவை விட இந்த இடைவெளிதான்.

பாதுகாப்புத் துறை உற்பத்தியை நான் வேண்டுமென்றே ஒதுக்குகிறேன். அமெரிக்க ஆயுதக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட ஒரு பாகத்தின் வரைபடத்தை அனுமதிப்பத்திரமின்றி இன்னொரு நாட்டவருக்குக் காட்டவே முடியாது. தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியும் விமானப்படை முகாமும் இருப்பதால் பட்டறைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நினைப்பவர்கள், முகாம் ஊருக்குத் தருவது பெரும்பாலும் சம்பளம், வாடகை, கடை வியாபாரம் என்பதைக் கவனிக்கட்டும்.

ஒரே விமான நிறுவனமான போயிங்கை நம்பிய அமெரிக்க நகரம் சியாற்றிலின் கதையும் நினைவில் இருக்கட்டும். அங்கே 1960களின் பிற்பகுதியில் ஓர் இலட்சத்தை எட்டியிருந்த போயிங் வேலையாட்கள் 1971இல் 40,000க்கும் கீழே இறங்கினார்கள். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது உறைகளுக்கான கேள்வியும் சரிந்தது. எனவே அதே தையல் வரிசை பஸ், புகையிரத இருக்கைகளையும் தைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அரசாங்கம் செலவிட வேண்டியது தொழிற்பேட்டைக் காணிக்கும் வேலிக்கும் அல்ல. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஈரப்பதன் கட்டுப்பாட்டு அறையோடு ஒரு பொது எரிப்புச் சோதனைக் கூடமும், ஏற்கெனவே உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் ஹார்னஸ் தயாரிப்புக்கு தேசிய தொழிற்தகைமையின் (என்.வி.கியூ) 3, 4 மட்டப் பாடநெறியும் முதலில் வேண்டும். பல பட்டறைகள் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தும் கூடமாக அது இருந்தால், தனித்தனியே எவரும் கருவி வாங்கிக் கடனில் விழ வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தரப் பரிசோதகர் ஒருவர்,
ஹட்டன்.