அண்ணிக்கு, முடவன் முழுக்கு அன்று

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று கார்த்திகை முதல் நாள். விடியற்காலையில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துக்குப் போய்க் காவிரியில் முழுகிவிட்டு வந்தேன். நேற்று ஐப்பசியின் கடைசி நாள், கடைமுழுக்கு. படித்துறையில் கால் வைக்க இடமில்லை என்றார்கள். இன்று கூட்டம் குறைவு. தடி ஊன்றி வந்தவர்கள், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள், நேற்று வர முடியாமல் போனவர்கள், அவ்வளவுதான்.

கதை உங்களுக்குத் தெரியும். ஐப்பசி முழுவதும் கங்கையே வந்து மாயூரத்துக் காவிரியில் நீராடுகிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு முடவன் புறப்பட்டான். தவழ்ந்து தவழ்ந்து அவன் வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டிருந்தது. கரையில் கிடந்து அழுதவனுக்காக மாயூரநாதர் இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக் கொடுத்தார். நீங்கள் நம் வீட்டுக்கு வந்த வருடம் அம்மா இந்தக் கதையைச் சொன்னபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவனோடு வழித்துணைக்கு யாருமே வரவில்லையா, அத்தை?" அம்மா பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது. கதையில் இல்லாததை ஏன் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை உறையில் போட்டு அனுப்ப உங்கள் விலாசம் என்னிடம் இல்லை. திருவையாற்றுப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும். ஆனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு அது மட்டும் காரணமில்லை. நாலு பேர் நடுவில் நான் விட்ட ஒரு சொல்லை நாலு பேர் நடுவில்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் கடைசி வீட்டுப் பெரியம்மா. உங்களுக்கு நினைவிருக்கும், நம் தெருவை விட்டுப் போய் அவர் கும்பகோணத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டு முதலில் கேட்டதே உங்களைத்தான். "உன் அண்ணி எங்கே, வரவில்லையா?"

"அண்ணி இல்லை, பெரியம்மா" என்றேன்.

இந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொல்ல வந்தேனா, நம் வீட்டில் இப்போது இல்லை என்று சொல்ல வந்தேனா, எனக்கே தெரியவில்லை. நம் மொழியில் அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருக்கிறது. பெரியம்மா கடைசி அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். ரசத்தில் இருந்த கை அப்படியே நின்றது. "ஐயோ, எப்போது?" என்றார். அந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். நான் "பல வருடம் ஆகிவிட்டது" என்றேன். அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். நான் உட்கார்ந்து மோர்ச்சாதமும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், அண்ணி.

அன்று இரவு தூங்கவில்லை. இந்த இரண்டரை மாதமும் சரியாகத் தூங்கவில்லை.

என்னை நல்ல பெண் என்று ஊரே சொல்லும். அதிர்ந்து பேசமாட்டாள், யார் மனதையும் நோகடிக்கமாட்டாள். அந்தப் பெயரை எப்படிச் சம்பாதித்தேன் என்று உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அண்ணன் உங்களோடு பேசுவதை நிறுத்திய பிறகு, ஒரே கூரையின் கீழ் இரண்டு வருடம், உங்கள் இருவருக்கும் நடுவில் போய் வந்தவள் நான். "அவளிடம் சொல், நாளைக்கு நடவு ஆட்கள் வருகிறார்கள்." "அவரிடம் சொல், உரம் வாங்கப் பணம் வேண்டும்." கூடத்துக்கும் அடுப்படிக்கும் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடிக்குள் அண்ணன் சொன்னதில் இருந்த முள்ளை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் உங்களிடம் கொண்டுவருவேன். அவர் சொல்லாத "பாவம்" ஒன்றையும் சேர்த்துவிடுவேன். அதைத்தான் அன்பு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அந்த மௌனம் இரண்டு வருடம் நீடிக்க நானும் உதவியாக இருந்தேன். நான் தூது போக மறுத்திருந்தால் அண்ணன் ஒரு நாளாவது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டி வந்திருக்கும். அல்லது நீங்கள் இரண்டு வருடம் முன்பே கிளம்பியிருப்பீர்கள்.

2002 ஆடிப்பெருக்கு நினைவிருக்கிறதா? வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தாண்டி, ஆடியும் பாதி போய், மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவைச் சாகுபடி இல்லை என்று ஆகிவிட்டது. ஆறு முழுக்க மணல். சப்பரம் இழுத்து வந்த பிள்ளைகள் விடுவதற்குத் தண்ணீர் இல்லாமல் மணலிலேயே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டு ஊற்றுத் தோண்டினீர்கள். முழங்கை ஆழம் போன பிறகு மணல் கறுத்தது, பிறகு கசிந்தது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, அந்த ஒரு கை நீருக்குப் பக்கத்தில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டோம். மஞ்சள் நூலை என் கழுத்தில் கட்டும்போது உங்கள் நகக்கண்ணில் ஈர மணல் இருந்தது. அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன அன்று காலை வாசல் திண்ணையில் நான் புடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்: "எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீ என்ன நினைக்கிறாய்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணி" என்றேன். கையில் இருந்த முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணி வீட்டை விட்டுப் போனாள் என்ற பேச்சு என் கல்யாணத்தைக் கெடுத்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார். நானும் அதற்குத்தான் பயந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

தையில் எனக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர். சில வருடங்களுக்கு முன் வாய்க்கால் ஓரத்து நிலத்தை விற்கலாமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். மாமியார் என்ன நினைப்பார், கொழுந்தன் என்ன சொல்வார், பங்காளிகள் எப்படிப் பேசுவார்கள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் உன்னைக் கேட்டேன்" என்றார். திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தது அப்படியே கண்முன் வந்தது. நாற்பது வயதைத் தாண்டி, விற்க வேண்டாம் என்று நினைக்கிறேன் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். நிலம் இன்னும் இருக்கிறது.

நம் இருவருக்கும் இப்போது என்ன உறவு என்று கேட்டால் சொல்வதற்குச் சொல் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் உங்களுக்கு யாரோ. நான்? படுகையில் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தீர்களே, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, "சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தில் பார்" என்று கத்திக்கொண்டு. அதை எந்தக் கோர்ட்டு ரத்து செய்யும்? நீங்கள் எனக்கு அண்ணன் வழியாகத்தான் வந்தீர்கள். ஆனால் அண்ணன் போன வழியோடு போய்விடவில்லை.

இன்று படித்துறையில் தலை துவட்டியதும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரத் தலையோடு கும்பகோணம் பஸ் ஏறினேன். குத்தாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. விசாரித்து விசாரித்துப் பெரியம்மா வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் நின்றபடியே, "என் அண்ணி இருக்கிறார் பெரியம்மா. நான் அன்று பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேசாமல் உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை இறக்கச் சொல்லிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் பாசிப்பருப்புக் கடப்பா கொடுத்தனுப்பிய தூக்காம். திருப்பித் தருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்களாம். "அவளிடம் கொடுத்துவிடு. ஆவணியிலிருந்து தினமும் அவளுக்காக ஒரு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் வீண் போகாது" என்றார்.

மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. உங்கள் அப்பாவின் முதலெழுத்து, உங்கள் பெயர், அடியில் 1994. விரலால் தடவினால் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. இதை எழுதும்போது மேஜை மேல் பக்கத்தில்தான் இருக்கிறது.

மறுபடியும் ஒரு தூது வந்து சேர்ந்திருக்கிறது என் கையில். இதை எதுவும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து கொடுப்பேன். திருவையாற்றில் எந்தத் தெரு என்று மட்டும் யார் மூலமாவது சொல்லியனுப்புங்கள். வர வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கை மட்டும் அனுப்பிவைக்கிறேன்.

அன்று திண்ணையில் நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. அண்ணன் செய்தது அநியாயம். நீங்கள் போனது சரி. நீங்கள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது.

உங்கள் நாத்தனார்