ஒருசேர ஏறும் இரு முட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1970களில் பிரிட்டனில் தயாரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒருசேர மிகையாகக் காட்டினால், இரண்டு மீட்டர்களையுமே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அது பெரும்பாலும் வீண் செலவு.

இரண்டுக்கும் சராசரியாக 10 வோல்ட் வழங்கும் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டின் பின்னால் இருக்கிறது. அதற்குள் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகிறது. காரின் உலோக உடலோடு சேரும் அதன் எர்த் இணைப்பு துருவேறி அறுந்தால் பட்டை சூடேறாது. பேட்டரியின் 12 வோல்ட்டும் தடையின்றிப் பாயும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டெபிலைசர் பொருந்தும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குவதே முதல் வேலை. வோல்ட்டை அளந்து சோதிக்க டிஜிட்டல் மீட்டரைவிட (அதில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும்) பழைய முள் மீட்டரே ஏற்றது. ஒரு முள் மட்டும் தவறினால், டேங்கின் மிதவையையோ எஞ்சின் சென்சாரையோ பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர்