இடுப்புவலிக்குக் கஞ்சா எண்ணெய்: பாட்டிலில் மில்லிகிராம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் வலை இழுப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள் என்று வடசென்னையில் இடுப்புவலிக்காரர்கள் ஏராளம். 'கஞ்சா எண்ணெய் ரெண்டு சொட்டு நாக்குக்கு அடியில விட்டா டிஸ்க் சரியாயிடும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை இவர்கள் நம்புகிறார்கள். டிஸ்க் சரியாகாது. வலி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

எவ்வளவு கொஞ்சம்? நாள்பட்ட இடுப்புவலி உள்ள 820 பேரிடம் நடந்த ஆய்வு 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. கஞ்சாச் சாற்று மருந்தை 12 வாரம் எடுத்தவர்களுக்கு, பத்து புள்ளி அளவில் வலி 1.9 குறைந்தது. மருந்தே இல்லாத டம்மி எடுத்தவர்களுக்கும் 1.3 குறைந்தது. திடீரென்று பிடித்துக்கொண்ட வலிக்கு இதுவும் கிடையாது: ஆஸ்திரேலியாவில் அவசர சிகிச்சைக்கு வந்த 100 பேரிடம் கஞ்சாவில் உள்ள போதை தராத பொருளான சிபிடி-யை 400 மி.கி. ஒரே வேளையாகச் சோதித்தார்கள், டம்மியை மிஞ்சவில்லை. ஆக, மூன்று மாதம் தாண்டிய வலிக்கு, மாத்திரையும் உடற்பயிற்சியும் கைகொடுக்காத பிறகு, மருத்துவர் யோசிக்கக்கூடிய மருந்து இது.

கடையில் கிடைக்கும் ஹெம்ப் சீட் ஆயில் வெறும் கஞ்சா விதை எண்ணெய். உணவுப் பாதுகாப்பு விதிப்படி கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருக்கக்கூடாது. சமையலுக்கு ஆகும், வலிக்கு ஆகாது. 'விஜயா' என்ற பெயரில் வரும் கஞ்சா இலைச்சாறுதான் மருந்து. அதிலும் '1000 மி.கி. சாறு' என்று மட்டும் போட்டிருந்தால் பயனில்லை; டிஎச்சி எத்தனை, சிபிடி எத்தனை என்று தெரிய வேண்டும். 10 மி.லி. பாட்டிலில் 100 மி.கி. டிஎச்சி இருந்தால், மி.லி.க்கு 20 சொட்டு என்ற கணக்கில் ஒரு சொட்டு அரை மி.கி. வழக்கமான தொடக்க அளவான 2.5 மி.கி.க்கு ஐந்து சொட்டு. இந்தக் கணக்கு தெரியாமல் சொட்டு எண்ணுவது ஆபத்து.

அதிகம் நடக்கும் தவறு இன்னொன்று. விழுங்கிய எண்ணெய் வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். அரை மணியில் 'ஒண்ணும் கேக்கல' என்று மறுபடி விட்டால், இரண்டும் சேர்ந்து ஏறும்: தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுதல். படகிலும் லாரி மேலும் நிற்பவர்களுக்கு இது உயிர் போகிற விஷயம். எடுத்த அன்று வண்டி ஓட்டவே கூடாது, குடியும் கூடாது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சிபிடி ரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்யும். ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்க்காமல் தொடவே வேண்டாம்.

தெருவில் வாங்கும் பொட்டலத்தில் என்ன அளவு, என்ன கலப்படம் என்று விற்பவனுக்கே தெரியாது. சட்டமும் பிடிக்கும், 'வலிக்காகத்தான்' என்பது எடுபடாது. கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, எந்த எண்ணெயையும் தேடாமல் அன்றே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மருந்து விதிகளின் 161-வது விதிப்படி, விஜயா போன்ற மருந்துகளில் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தால் போதும். காசிமேட்டில் அதை யார் படிப்பார்கள்? தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த எச்சரிக்கையையும், ஒரு சொட்டில் எத்தனை மி.கி. என்பதையும் தமிழில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு மருந்தாளுநர்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21